தகுதி தெரியாமலா, தகுதியைப் பாராமலா?

ஒருவரின் தகுதியையோ ஒரு பொருளின் மதிப்பையோ தவறாக எடைபோடுவது எதனால்? தெரியாமல் நேர்கிறதா, தெரிந்துகொள்ள மனமில்லாமல் நேர்கிறதா? சங்கப் புலவர்கள் இதை அரசர்களின் முகத்துக்கு நேரே கேட்டார்கள். அறநூலார் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முறையாக இதை எழுதிவைத்தார்கள். காப்பியம் ஒன்றின் திருப்புமுனையே இதில்தான் நிற்கிறது. கடந்த ஒன்றரை நூற்றாண்டில் பொருளியலும் உளவியலும் சமூக இயக்கங்களும் தத்தம் விடைகளைச் சேர்த்திருக்கின்றன. இந்த விடைகள் எங்கிருந்து வந்தன, எந்த இடத்தில் தளர்கின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. சொற்களிலிருந்து தொடங்குவது நல்லது; மக்கள் இந்தக் கேள்விக்குக் கொடுத்த முதல் விடை அங்கேதான் பதிந்திருக்கிறது.

சொற்கள் பிரிக்கும் விதம்

தப்புக்கணக்குப் போடுதல், குறைத்து எடைபோடுதல், குறைத்து மதிப்பிடுதல் ஆகியவை அளவைத் தொழிலிலிருந்து வந்தவை. ‘அவரைத் தப்புக்கணக்குப் போட்டுவிட்டேன்’ என்று சொல்பவர் வருந்துகிறார். ஆனால் தன்னைக் குற்றவாளியாகக் கருதுவதில்லை. கணக்குத்தான் பிழைத்தது. இளக்காரம், ஏளனம், துச்சம், எள்ளல் என்னும் சொற்கள் அப்படியல்ல. ‘என்ன இளக்காரமா?’ என்பது கேள்வி வடிவில் வரும் குற்றச்சாட்டு. கிள்ளுக்கீரை, சுண்டைக்காய், செல்லாக்காசு என்று ஆளைப் பொருளாக்கிச் சொல்லும் வழக்குகளும் இந்தப் பக்கமே சேரும். மட்டம் தட்டுதல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: சொல் அளவையிலிருந்து வந்தது, செயலோ வேண்டுமென்றே செய்வது.

மதிப்பைக் கூட்டிவிடுவதற்கும் சொற்கள் உண்டு. தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுதல், பகட்டில் மயங்குதல், ஏமாறுதல். இங்கே ஒரு சாய்வு தெரிகிறது. கூட்டி மதிப்பிட்டவனை மொழி பெரும்பாலும் பாதிக்கப்பட்டவனாகவே பார்க்கிறது, அவன் ஏமாந்தவன். குறைத்து மதிப்பிட்டவனை அது தவறு செய்தவனாகப் பார்க்கிறது. முகத்துதியையும் காக்கா பிடித்தலையும் நாம் கண்டிக்கிறோம் என்றாலும், அவற்றைப் பொய் என்று கண்டிக்கிறோமே தவிர மதிப்பீட்டுப் பிழை என்று அல்ல.

எல்லாவற்றிலும் கவனிக்கத்தக்கது ‘இகழ்தல்’. பழந்தமிழில் இதற்கு இரண்டு பொருள்: அவமதித்தல், கவனம் தவறுதல். திருக்குறளின் பொச்சாவாமை அதிகாரத்தில் இகழ்ச்சி என்பது மறதியையே குறிக்கிறது. இன்று நாம் ஆளும் ‘அலட்சிய’மும் அப்படித்தான். வண்டியை அலட்சியமாக ஓட்டுகிறவனும் உண்டு, ஏழை உறவினரை அலட்சியமாகப் பார்க்கிறவனும் உண்டு. கவனியாமையும் மதியாமையும் ஒரே சொல்லுக்குள் இருப்பது தற்செயலாக இருக்கலாம். ஒரு சொல்லின் இருபொருளை வைத்து மனித மனத்தைப் பற்றி முடிவு கட்ட முடியாது. என்றாலும் கீழே வரும் வாதங்கள் திரும்பத் திரும்ப இந்த இணைப்பில்தான் வந்து முட்டுகின்றன.

பழமொழிகள் இன்னும் நுட்பமாகக் காரணம் பிரிக்கின்றன. வெளுத்ததெல்லாம் பால் என்பவன் தோற்றத்தில் தவறுகிறான். ஆலையில்லா ஊரில் இலுப்பைப்பூ சர்க்கரை என்பது ஒப்பிட வேறு பொருள் இல்லாததால் வந்த பிழை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சாவது பற்றினால். உள்ளூர் மாடு விலைபோகாமல் நிற்பது பழக்கத்தினால். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பது மதிப்பிடுகிறவரின் தகுதியையே கேள்வி கேட்கிறது. ஐந்தும் ஐந்து கோட்பாடுகளின் விதைகள் என்றே சொல்லலாம்.

அறிவின் குறை என்பார்

மதிப்புத் தவறுவது ஆராயாமையால். ஆராயும் முறையைச் செம்மைப்படுத்தினால் தவறு குறையும். இது முதல் நிலைப்பாடு. திருக்குறள் பொருட்பாலில் வலியறிதல் தொடங்கித் தெரிந்து வினையாடல் வரையுள்ள அதிகாரங்கள் இதன் முழுமையான வடிவம். ஒருவரின் குணத்தையும் குற்றத்தையும் எடைபோட்டு மிகுந்ததைக் கொள்ளச் சொல்கிறார் வள்ளுவர். அவரவர் செயலையே கட்டளைக்கல் என்கிறார். அன்பின் காரணமாக அறிவில்லாதவரைத் தேர்ந்தால் வரும் கேட்டையும் சொல்கிறார். ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து தெளிந்தவனிடம் ஐயப்படுவதும் தீராத துன்பம் தரும் என்று இரு பக்கத்துப் பிழையையும் ஒரே குறளில் நிறுத்தியது அவருடைய தனிச்சிறப்பு. குறைந்த மதிப்பீட்டைப் போலவே மிகை மதிப்பீட்டுக்கும் மதிப்பிட்டவனையே பொறுப்பாக்கியதில், அவர் பொதுவழக்கின் சாய்வைத் தாண்டிச் செல்கிறார்.

கட்டளைக்கல் வெறும் உவமையன்று. பொன்னின் மாற்றுப் பார்ப்பவர் கறுப்புக் கல்லில் பொன்னை இழைத்து, மாற்றுத் தெரிந்த ஆணிகளின் கோட்டோடு நிறத்தை ஒப்பிடுவார். பழைய தமிழகத்தில் இந்த ஆய்வுக்கலை எவ்வளவு வளர்ந்திருந்தது என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் சான்று. இராசராசன் கொடுத்த பொன் ‘ஆடவல்லான்’ என்னும் கல்லால் நிறுக்கப்பட்டது. மணிகளுக்குத் ‘தட்சிணமேரு விடங்கன்’ என்னும் வேறு கல். முத்துகள் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, இரட்டை, சப்பத்தி என்று பிரித்து எண்ணப்பட்டன. வயிரங்களில் இருந்த வெடிப்பும் செம்புள்ளியும் கரும்புள்ளியும்கூடக் குறிக்கப்பட்டன. கடவுளுக்குக் கொடுத்த நகையில் உள்ள குறையை மறைக்காமல் கல்லில் வெட்டிவைத்த ஒரு சமூகத்தை நினைக்கும்போது மதிப்பு மிகுகிறது.

இந்த நிலைப்பாட்டின் தளர்ச்சியும் அங்கேயே தெரிகிறது. முத்தைப் பிரிக்க வகைகள் உண்டு. மனிதரைப் பிரிக்க எந்த வகை? குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் தெரிந்து தெளிதலுக்கு விளக்கம் சொல்லும்போது ஆராய வேண்டியவற்றுள் பிறப்பையும் குணத்தோடும் அறிவோடும் சேர்த்து வைக்கிறார். வள்ளுவரும் அந்த அதிகாரத்தில் குடிப்பிறப்பைச் சொல்கிறார். பிறப்பால் எல்லா உயிரும் ஒன்று என்று பெருமை அதிகாரத்தில் சொன்னவரும் அவரே. ஆராயும் கருவிக்குள்ளேயே ஒரு முன்முடிவு நுழைந்துவிட்டால், எவ்வளவு கவனமாக ஆராய்ந்தாலும் பிழைதான் உறுதிப்படும்.

மனத்தின் குறை என்பார்

புறநானூற்றுப் புலவர்கள் இன்னொரு பக்கம் நின்றார்கள். கபிலர் மலையமான் திருமுடிக்காரியிடம் சொன்னது (121ஆம் பாட்டு) சுருக்கமானது: கொடுப்பது எளிது, வரிசை அறிவதே அரிது; ஆகவே புலவர்களைப் பொதுவாகப் பார்ப்பதை விட்டுவிடு. இங்கே குற்றம் சாட்டப்படுபவன் கஞ்சனல்லன், வள்ளல். எல்லாருக்கும் ஒரே மாதிரி அள்ளிக் கொடுப்பதும் ஒருவகை மதியாமை என்பது கபிலரின் வாதம். பெருஞ்சித்திரனார் இதைச் செயலிலேயே காட்டினார். அதியமான் தன்னைக் காணாமலே பரிசு அனுப்பியபோது, நான் வாணிகப் பரிசிலன் அல்லேன் என்று மறுத்தார் (208). தினையளவே ஆனாலும் தகுதி அறிந்து தந்தால் போதும் என்பது அவர் நிலை.

இந்தப் பாட்டுகளைப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் எழுதிய கட்டுரையோடு சேர்த்துப் படிக்கலாம். பழைய கார்ச் சந்தையில் நல்ல வண்டியையும் மோசமான வண்டியையும் பிரித்தறிய வாங்குபவருக்கு வழியில்லை என்றால் அவர் சராசரி விலைதான் தருவார். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரர் விற்கமாட்டார். சந்தையில் மோசமானவையே மிஞ்சும் என்று அவர் காட்டினார். பொதுநோக்கை விட்டுவிடு என்ற கபிலரின் எச்சரிக்கை இதற்கு மிக நெருக்கம். ஒரு வேறுபாடு மட்டும் முக்கியம். அகெர்லாஃபின் வாங்குபவருக்குத் தெரிந்துகொள்ள வழியில்லை. திருமுடிக்காரிக்கு வழி இருந்தது.

பகைவரைக் குறைத்து மதிப்பிடுவதும் இந்தப் பிரிவில் அடங்கும். தலையாலங்கானத்துப் போருக்கு முன் பாண்டியன் நெடுஞ்செழியன் பாடிய வஞ்சினப் பாட்டில் (72) அவனைச் சுடுவது பகைவரின் படைப்பெருக்கத்தை விட, அவனைச் சிறுவன் என்று அவர்கள் சொன்னதுதான். தொல்காப்பியம் நகைக்குரிய நான்கு காரணங்களுள் எள்ளலையும் இளமையையும் அடுத்தடுத்து வைத்திருப்பதை இங்கே நினைக்கலாம். நெடுஞ்செழியனின் எதிரிகள் எழுவர்; அத்தனை பேருக்கும் ஒற்றர் இருந்திருப்பர், செய்தி கிடைத்திருக்கும். குறைந்தது தகவலன்று.

ஆனால் எல்லாப் பிழையையும் இகழ்ச்சியில் ஏற்றிவிட முடியாது. வள்ளலின் வாசலில் வந்து நின்ற பரிசிலர் பலர். ஒவ்வொருவரின் புலமையையும் அறிய நேரமும் பயிற்சியும் வேண்டும். இவை இல்லாத ஆளை ஆணவக்காரன் என்று சொல்வது அநியாயமாகிவிடக்கூடும்.

மதுரையில் நடந்தது

இரண்டு நிலைப்பாடுகளும் ஒரே இடத்தில் சோதிக்கப்படுவது சிலப்பதிகாரத்தில். ஊர்காண் காதையில் மதுரையின் மணி வீதி வருகிறது. காகபாதம், களங்கம், விந்து, இரேகை என்று வயிரத்தின் குற்றங்களைப் பெயர் சொல்லிப் பிரிக்கத் தெரிந்த ஊர் அது. அந்த ஊரில்தான், மனைவி கண்ணகியின் சிலம்பை விற்க வந்த கோவலன், அது அரசியின் சிலம்பென்று ஒரு கொல்லன் சொன்னதால், அதைப் பிளந்து பார்க்காமலே கொல்லப்படுகிறான். உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று பார்க்க ஒரு நொடி போதும். கருவி இருந்தது, அறிவு இருந்தது, ஆட்கள் இருந்தார்கள்.

அப்படியானால் கொலைக்கு ஆணையிட்ட காப்பியத்துப் பாண்டியன் ஆணவக்காரனா? காப்பியம் அப்படிச் சொல்லவில்லை. ஊடிய அரசியிடம் போகும் வழியில் அவன் கொல்லனின் பேச்சைக் கேட்டு ஆணையிடுகிறான். கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கப் பரல் தெறித்ததும் தன் தவற்றைத் தானே அறிவித்து உயிர்விடுகிறான். அவனிடம் குறைந்தது கவனம். ‘இகழ்’ என்னும் சொல்லின் இரண்டாம் பொருளே இங்கே பொருந்துகிறது.

இன்னும் நுட்பமானது காவலர் நிற்கும் காட்சி. அவர்கள் கோவலனைப் பார்த்ததுமே இவன் கள்வனாகத் தோன்றவில்லை என்கிறார்கள். உடனே கொல்லன் கள்வருக்கு மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் எனத் துணை எட்டு உண்டு என்று நூலறிவைக் கொட்டுகிறான். தோற்றத்தைப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு சரியாக இருந்தது. கற்றவன் போலப் பேசியவனின் வாதம் அதைக் கெடுத்தது. கடைசியில் கல்வியில்லாத ஒருவனின் வாள் பாய்ந்தது. தோற்றத்தை நம்பாதே என்ற அறிவுரைக்கு இதைவிட வலுவான எதிர்ச்சான்று தமிழில் அரிது. அரசியின் சிலம்பைத் தானே திருடியிருந்த அந்தக் கொல்லன் இன்னொரு வகையையும் காட்டுகிறான்: மதிப்பைச் சரியாக அறிந்து, அறிந்ததனாலேயே மறைப்பவன். அறிவின்மை என்ற விளக்கம் இவனிடம் வந்து நின்றுவிடுகிறது.

வினை விளையும் காலம் வந்தது என்று காப்பியமே மூன்றாவதாக ஒரு விடையும் தருகிறது. ஊழ் என்ற இந்த விளக்கத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் பாண்டியன் தன் மரணத்தை ஊழின்மேல் போடவில்லை. காப்பியத்தை இயற்றிய இளங்கோ அதையும் சொல்லியிருக்கிறார்.

அளவுகோலே பிழை என்பார்

இருபதாம் நூற்றாண்டில் கேள்வியே திரும்பியது. அறிபவனின் அறிவும் மனமும் சரியாக இருந்தாலும், அவன் கையிலுள்ள அளவுகோல் ஒரு கூட்டத்தாரை முன்கூட்டியே தாழ்த்தியிருந்தால்? அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய இதழும், பெரியார் 1925இல் தொடங்கிய ‘குடிஅரசு’ம் தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியை மக்கள் முன் வைத்தன. சாதி என்பது மேலே ஏற ஏற மரியாதையும் கீழே இறங்க இறங்க இகழ்ச்சியுமாக அடுக்கப்பட்டது என்றார் அம்பேத்கர். இந்த அடுக்கில் இகழ்பவர் தனியாக எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. பிறந்த இடத்திலேயே முடிவு செய்து கொடுக்கப்பட்டிருக்கிறது. பெரியாரின் இயக்கம் ஏற்ற சுயமரியாதை என்ற பெயரே இந்த ஆய்வில் ஒரு பெரிய அடி. அதுவரை கேள்வி மதிப்பிடுகிறவனைச் சுற்றியே ஓடியது. மதிப்பிடப்படுகிறவர் தன்னைப் பற்றி வைத்திருக்கும் கணக்கும் கெடுக்கப்படலாம், அதை முதலில் மீட்க வேண்டும் என்பதை இந்த இயக்கம்தான் மையத்துக்குக் கொண்டுவந்தது.

தத்துவத் துறையில் மிராண்டா ஃபிரிக்கர் 2007இல் எழுதிய நூல், ஒருவரின் அடையாளத்தை வைத்து அவர் சொல்லுக்கு உரிய நம்பகத்தைக் குறைப்பதைத் தனியொரு அநீதியாக வரையறுத்தது. அறிவியலாளரின் புகழைப் பற்றி ராபர்ட் மெர்ட்டன் 1968இல் காட்டியதும் இதோடு சேரும்: ஏற்கெனவே பெயர் பெற்றவருக்கே மேலும் பெயர் சேரும், அதே வேலையைச் செய்த பெயரில்லாதவருக்குச் சேராது. பெண் அறிவியலாளரின் பங்கு ஆண்களின் பெயரில் எழுதப்பட்டதை மார்கரெட் ராசிட்டர் 1993இல் தனிப்பெயரிட்டு விளக்கினார்.

இந்த நிலைப்பாட்டின் வலிமை பெரிது. அதன் ஆபத்து, தனி ஆளின் பொறுப்பைக் கரைத்துவிடுவது. எல்லாம் அளவுகோலின் பிழை என்றால் யாரையும் கேட்க முடியாமல் போகும். ஒரே சாதியச் சமூகத்தில் வளர்ந்தும் அந்த அடுக்கை மறுத்தவர்கள் எப்படி வந்தார்கள் என்பதற்கு இது முழு விடை தருவதில்லை.

உளவியலின் பங்கைச் சுருக்கமாகவே சொல்லலாம். எட்வர்டு தார்ண்டைக் 1920இல் படைவீரர்களைப் பற்றி அதிகாரிகள் கொடுத்த மதிப்பெண்களை ஆராய்ந்தார். உடற்கட்டுக்கு நல்ல மதிப்பெண் பெற்றவர் அறிவுக்கும் ஒழுக்கத்துக்கும் சேர்த்தே பெற்றிருந்தார். 1999இல் டன்னிங், குரூகர் இருவரும் திறமை குறைந்தவர் தம்மை மிகையாக மதிப்பிடுகின்றனர் என்றனர். அந்த முடிவின் ஒரு பகுதி புள்ளியியல் கணக்கினால் தோன்றுவதே என்ற மறுப்பும் வலுவாக இருக்கிறது. இவை பிழை எப்படி நடக்கிறது என்பதைக் காட்டுகின்றன. யாருக்கு எதிராக அடிக்கடி நடக்கிறது என்பதை விளக்க, மேலே சொன்ன சமூக வாதம்தான் வேண்டியிருக்கிறது.

எடிங்டன் ஏன் சிரித்தார்?

விளக்கங்கள் அனைத்தும் மோதும் நவீன நிகழ்ச்சி ஒன்று தமிழருக்கு நெருக்கமானது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் அரச வானியல் கழகத்தில் தன் முடிவைச் சொன்னார்: சூரியனைப் போல ஏறக்குறைய 1.4 மடங்குக்கு மேல் நிறையுள்ள விண்மீன் வெண்குள்ளனாக நிலைக்க முடியாது. அப்போது அவருக்கு வயது 24. அடுத்துப் பேசிய ஆர்தர் எடிங்டன், விண்மீன் இப்படி அபத்தமாக நடப்பதைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருக்க வேண்டும் என்று சொல்லி அதை நகைப்புக்கு உரியதாக்கினார்.

எடிங்டனுக்குக் கணிதம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 1919 சூரிய கிரகணத்தை அளந்து ஐன்ஸ்டைனின் கோட்பாட்டுக்குச் சான்று தந்தவர் அவர். சந்திரசேகரின் கணக்குகளை முன்பே பார்த்துமிருந்தார். ஆகவே அறியாமை விளக்கம் இங்கே பொருந்தாது. காலனி நாட்டு இளைஞன் என்ற இகழ்ச்சி என்று சிலர் எழுதினர். தான் கட்டிவந்த அடிப்படைக் கோட்பாட்டின்மேல் இருந்த பற்று என்று வேறு சிலர். எடிங்டன் ஆங்கிலேய அறிஞர்களையும் இதே கூர்மையோடு தாக்கியவர் என்பது இரண்டாவது வாதத்துக்குத் துணை. சந்திரசேகரை ஏற்ற இயற்பியலாளர் சிலர் வெளிப்படையாகப் பேசாமல் இருந்தது முதல் வாதத்தை முழுதாகத் தள்ளவிடாமல் தடுக்கிறது. பெயர் பெற்றவரின் சொல்லுக்கு இருந்த எடை அப்படி. 1983இல் நோபல் பரிசு சந்திரசேகரை வந்தடைந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, எடிங்டனின் நூற்றாண்டையொட்டி அவரைப் பற்றி உரையாற்றிய சந்திரசேகர், தன் காலத்தின் மிகச் சிறந்த வானியற்பியலாளர் என்றே அவரைச் சொன்னார். தன்னைத் தவறாக எடைபோட்டவரை அவர் சரியாக எடைபோட்டார்.

சரியான மதிப்பு என்று ஒன்று உண்டா?

இதுவரை பார்த்த விடைகள் எல்லாம் ஓர் அனுமானத்தில் நிற்கின்றன: சரியான மதிப்பு முன்பே இருக்கிறது, அதைத் தவறவிடுகிறோம். பொருளியல் இதைக் கேள்விக்குள்ளாக்கியது. உயிர் காக்கும் தண்ணீர் மலிவாகவும் பயனற்ற வைரம் விலையுயர்ந்ததாகவும் இருப்பதை ஆடம் ஸ்மித் 1776இல் சுட்டினார். 1870களில் மெங்கரும் ஜெவன்சும் வால்ராவும், மதிப்பு பொருளுக்குள் இல்லை, இன்னும் ஓர் அலகு கிடைத்தால் வாங்குபவருக்கு உண்டாகும் பயனில் இருக்கிறது என்றனர். இந்தக் கணக்கில் தவறான மதிப்பு என்ற சொல்லுக்கே இடம் குறைவு. மனிதத் தகுதிக்கு இதை நீட்டினால் சந்தை மதிக்காத ஆள் தகுதியற்றவர் என்றாகிவிடும். அதை ஏற்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

ஆயினும் மதிப்பு காலத்தோடு உருவாகிறது என்பதற்குத் தமிழ் இலக்கிய வரலாறே சான்று. 1880இல் கும்பகோணத்தில் உ.வே. சாமிநாதையர் தாம் படித்த அந்தாதிகளையும் கலம்பகங்களையும் பிள்ளைத்தமிழ்களையும் அடுக்கியபோது, சேலம் இராமசாமி முதலியார் அவற்றைப் பொருட்படுத்தாமல் சீவகசிந்தாமணியும் சிலப்பதிகாரமும் படித்ததுண்டா என்று கேட்டார். மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட மாணவருக்கு அவை பாடத்தில் இல்லை. யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம் பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சிட்டார். சாமிநாதையர் அதே ஆண்டில் சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். அந்தக் காலத்தில் பெரும்பாலோர் இந்நூல்களை இகழவில்லை. ஆராய்ந்து தள்ளவும் இல்லை. பார்க்கும் வழக்கமே அற்றுப்போயிருந்தது. மேலே சொன்ன மூன்று நிலைப்பாடுகளில் எதுவும் இதை முழுதாக விளக்குவதில்லை. அதே வேளையில், ஏடுகள் வெளிவந்ததும் அவற்றின் பெருமை சில ஆண்டுகளிலேயே ஒப்புக்கொள்ளப்பட்டதால், மதிப்பு முழுக்க நாம் ஏற்றுவதுதான் என்ற வாதமும் நிற்பதில்லை.

தீராதவை

அறியாமை, இகழ்ச்சி, அளவுகோல் என்ற மூன்றில் ஒன்று மற்றதை முழுதாக வென்றுவிட்டதாகச் சொல்ல முடியாது. என் மதிப்பீட்டில் மிக அடிக்கடி நடப்பதும் மிகக் குறைவாக ஆராயப்பட்டதும் நான்காவது வகை: பார்க்க வழி கையிலேயே இருந்தும் பார்க்காமல் விடுவது. பாண்டியனும் திருமுடிக்காரியும் அங்கேதான் நிற்கிறார்கள். அங்கே அறிவின் குறையையும் மனத்தின் குறையையும் பிரிக்க வரையப்படும் கோடு அழிந்துவிடுகிறது.

நடைமுறையில் இன்று தீர்வாக முன்வைக்கப்படுவது பெயர் மறைத்தல். பல்கலைக்கழகத் தேர்வுகளில் விடைத்தாளுக்கு டம்மி நம்பர் போடுகிறார்கள். திருத்துபவருக்கு எழுதியவர் யாரென்று தெரியாது. இகழ்ச்சியும் சாதியும் நுழையும் வாசல் இதனால் அடைபடுகிறது. ஆனால் பெருஞ்சித்திரனார் கேட்டது இதற்கு நேர் எதிரானது: என்னைப் பார், பார்த்துப் பிறகு கொடு. எழுத்துத் தேர்வில் ஆளை மறைத்துவிட்டு நேர்முகத் தேர்வில் முகத்தைக் காட்டும் நம் வேலைவாய்ப்பு முறை இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறது. நேர்முகத்துக்கு எத்தனை மதிப்பெண், அதை யார் போடுவது, போட்டதற்குக் காரணம் எழுத வேண்டுமா என்று நடக்கும் வழக்குகளிலும் வாதங்களிலும் இந்தப் பழைய கேள்விதான் இன்னும் விசாரிக்கப்படுகிறது.